முப்பத்தொன்றாம் பின்னில் வைத்த சந்தனம்

தம்பிக்கு,

நீ பெங்களூர் போய்ச் சேர்ந்ததாகப் போட்ட கார்டு நேற்றுத்தான் கைக்கு வந்தது. சாப்பாடு பரவாயில்லை, அறையில் மூன்று பேர், குளிர் தாங்க முடிகிறது என்று மூன்றே வரி எழுதியிருக்கிறாய். சந்தோஷம். ஆனால் நான் மூன்று வரியில் நிறுத்தப் போவதில்லை, உட்கார்ந்து படி. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலடி ஓடி வந்தேனே, "புளிசாத டப்பாவ பஸ்லயே வெச்சிட்டு எறங்கிடாதடா" என்று கத்தினேனே, அப்போது நான் சொல்ல வந்தது புளிசாதம் இல்லை. இரண்டு வருடமாகத் தொண்டையிலேயே நிற்கிற ஒரு சங்கதி அது. பக்கத்து சீட்டுக்காரர் வேறு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் வாய்க்கு வந்தது புளிசாதம்தான்.

அன்று காலையில் பெட்டி கட்டும்போது நீ ஒன்று சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? இன்டர்வியூவில் ஒரு சர்க்யூட் படத்தைக் கையில் கொடுத்து விளக்கச் சொன்னார்களாம். மெமரி சிப்புக்குப் போய் 'எழுது' என்று சொல்ல வேண்டிய கம்பி வேறு எங்கேயோ போயிருந்ததாம். நீ பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டாய். ஆனால் வாயைத் திறக்கவில்லை. "ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன். "நமக்கெதுக்கும்மா வம்பு? அவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போவுது" என்று சிரித்தாய். நான் உன் சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்த சட்டையையே மறுபடி பிரித்து மடித்தேன். ஏனென்றால் அந்தப் பழக்கத்தை நீ எங்கே படித்தாய் என்று எனக்குத் தெரியும். திருச்சி பாலிடெக்னிக்கில் இல்லை. என்னிடம் படித்தாய், எங்கள் ஃபேக்டரியில், ஓர் ஆயுத பூஜை அன்று, பத்துப் பதினைந்து பேர் பார்க்க.

உனக்குத் தெரிந்ததும் தெரியாததுமாகக் கலந்துதான் வரும். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு எழுத வரும், பொறுத்துக்கொள். உன் அப்பா தவறியபோது உனக்கு ஆறு வயது. அரியலூர் சிமென்ட் ஃபேக்டரியில் அவர் பார்த்த வேலைக்குப் பதிலாக எனக்கு ஸ்டோர்ஸில் ஒரு வேலை கொடுத்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி. படித்த பெண்பிள்ளை, கையெழுத்து நன்றாக இருக்கிறது, ஜன்னலில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்கட்டும் என்றார்கள். எட்டு வருடம் உட்கார்ந்தேன். பட்டை நிறத்தைப் பார்த்தே ரெசிஸ்டரைப் பிரித்துவிடுவேன் என்பதைக் கவனித்த இன்ஜினியர், என்னைக் கருவி பழுது பார்க்கிற இன்ஸ்ட்ருமென்ட் செக்‌ஷனுக்கு மாற்றினார். அங்கே ஈயம் பற்றவைக்கக் கற்றேன், மீட்டர் பிடிக்கக் கற்றேன், ஆண்கள் ஏளனமாகப் பார்த்தால் திருப்பிப் பார்க்கவும் கற்றேன். இந்தத் திமிர் இல்லையென்றால் உன்னைப் படிக்க வைத்திருக்க முடியாது. அந்தத் திமிரைப் பற்றி எனக்கு வெட்கம் எதுவும் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சிமென்ட் அரைக்கிற மில்லுக்கு ஜிப்சம் போகிற பெல்ட் ஒன்று உண்டல்லவா, எவ்வளவு கனம் போகிறது என்று நிறுத்துப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிற பெல்ட்? அதன் பேனலில் இருந்த கன்ட்ரோல் போர்டு ஒரு மழையில் இடி விழுந்து கருகிப்போனது. சிப்புகள் தப்பித்துவிட்டன, போர்டில் இருந்த செம்புக் கோடுகள்தான் எரிந்துவிட்டன. புது போர்டு வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். அதுவரை இரண்டு பேர் மண்வெட்டியோடு நின்று ஜிப்சத்தைத் தள்ள வேண்டும். "நான் செஞ்சு தரேன் சார்" என்றேன். மெட்ராஸிலிருந்து வந்திருந்த சர்வீஸ் ஆள், "இது ரேடியோ இல்லம்மா, மைக்ரோகன்ட்ரோலரு. லேடீஸுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனான். போதாதா எனக்கு? அன்றைக்கே வெற்று போர்டு ஒன்றையும் அந்தப் பழைய சிப்புகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நாற்பது பின், அதாவது நாற்பது கம்பிக்கால், உள்ள அந்த மைக்ரோகன்ட்ரோலர் சிப் எனக்கு எப்படிப் புரிந்தது என்று நீ ஒரு தடவை கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். எனக்கு அது என் ஸ்டோர்ஸ் ஜன்னலாகத்தான் தெரிந்தது. அங்கே இருந்தது ஒரே ஜன்னல். முதலில் அது வழியாக ரேக் நம்பர் உள்ளே வரும். நான் அதை சிலேட்டில் எழுதிக்கொள்வேன். பிறகு அதே ஜன்னல் வழியாகச் சாமான் வெளியே போகும். சிலேட்டில் எழுதாமல் நடந்தால் பாதி வழியில் நம்பர் மறந்துபோகும், போல்ட் கேட்டவனுக்கு நட்டு போய்ச் சேரும். அந்தச் சிப்பிலும் எட்டுப் பின்தான் ஜன்னல். முதலில் அவற்றின் வழியாக மெமரியின் முகவரியில் பாதி வெளியே போகிறது. முப்பதாம் பின் ஒரு துடிப்பு கொடுத்ததும், பக்கத்தில் இருக்கிற இன்னொரு சின்னச் சிப் அந்தப் பாதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதுதான் சிலேட்டு. மீதிப் பாதி வேறு பின்களில் தனியாகப் போகிறது. அதற்குப் பிறகு இருபத்தொன்பதாம் பின் புரோகிராம் சிப்பைத் தட்டி 'எடு' என்கிறது. முதலில் முகவரி போன அதே எட்டுப் பின் வழியாக இப்போது கட்டளை உள்ளே வருகிறது. எழுதிப் படிக்கிற மெமரி என்றால், எழுத ஒரு பின், படிக்க ஒரு பின், அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இது புரிந்தபோது தயிர்சாதத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். அந்த மெட்ராஸ்காரன் எதிரே இருந்திருந்தால் கன்னத்தைக் கிள்ளியிருப்பேன்.

ஒரு பின் மட்டும் புரியவில்லை. முப்பத்தொன்று. என்னிடம் இருந்தது ஜெராக்ஸ் படம், அந்த இடத்தில்தான் காகிதம் மடிந்திருந்தது. கோடு மடிப்புக்குள் போய் மறைந்துவிட்டது. சிப்பின் புத்தகம் இன்ஜினியரின் அலமாரியில் இருந்தது. "சார், சாவி குடுங்க, ஒரு சந்தேகம்" என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. சந்தேகம் என்று வாயைத் திறந்தால் 'பாத்தியா, லேடீஸ்' என்று ஆகிவிடுமே என்று கேட்கவில்லை. தேவையில்லாத பின்னாக இருக்கும் என்று நானே முடிவு கட்டி, அதை அப்படியே தொங்க விட்டுவிட்டேன். போர்டு சில நேரம் ஓடியது, சில நேரம் ஓடவில்லை. நாலைந்து தடவை அணைத்துப் போட்டால் எழுந்துகொள்ளும். சப்ளை சரியில்லை என்று கரண்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு, பேனலில் மாட்டிவிட்டேன்.

அப்புறம்தான் ஆயுத பூஜை. அந்த ஒரு நாள்தான் குடும்பத்தோடு ஃபேக்டரிக்குள் வர விடுவார்கள். நீ லீவுக்கு வந்திருந்தாய், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு வந்தாய். செக்‌ஷன் முழுக்கக் கழுவி, வாழைக்கன்று கட்டி, ஸ்பேனர் முதல் பேனல் வரை அஞ்சலை சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தாள். அஞ்சலையை உனக்குத் தெரியுமே. எங்கள் செக்‌ஷனைக் கூட்டித் துடைக்கிற பெண், ஆண்டிமடம் பக்கம், முந்திரிக்காட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்துவிட்டு கான்ட்ராக்டில் வேலைக்கு வந்தவள். அந்த வருடம் நிரந்தரமாக்குகிற பட்டியலில் அவள் பேரும் போயிருந்தது. அவள் வீட்டில் நிலம் என்று ஒரு பிடி மண் கிடையாது. அந்தப் பட்டியல்தான் அவளுக்கு எல்லாமே.

நான் பெருமையோடு பேனல் கதவைத் திறந்து உன்னிடம் போர்டைக் காட்டினேன். நீ குனிந்து பார்த்தாய். பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு மெதுவாக, "அம்மா, முப்பத்தொண்ணாம் பின்னு சும்மா தொங்குதேம்மா. அத கிரவுண்டுல சேக்கணும்ல?" என்றாய். சுற்றிலும் ஆட்கள். இன்ஜினியர் வேறு பொரி தின்றுகொண்டு நிற்கிறார். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. "மூணு செமஸ்டரு படிச்சிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்குறியா? வந்தமா, பொரிகடலையத் தின்னமான்னு போடா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். உன் காது மடல் சிவந்துவிட்டது. நீ இரண்டடி பின்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்து நின்றாய். நான் அதைப் பார்த்தேன், தம்பி. பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

கதவு திறந்திருந்ததால் அஞ்சலை, இதுவும் ஒரு சாமான்தானே என்று போர்டுக்கும் வைத்தாள். கை நிறையச் சந்தனம், அந்த நாற்பது பின் சிப்பின் தலையில் வைத்து, வழிந்ததை விரலால் இழுத்துவிட்டாள். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, ஸ்விட்ச்சைப் போட்டோம். முதல் தடவையிலேயே எழுந்து ஓடியது! எல்லோரும் கை தட்டினார்கள். நான் உன் பக்கம் திரும்பி, "பாத்தியா?" என்று புருவத்தை உயர்த்தினேன். நீ தலையை ஆட்டினாய். அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நீ திருச்சிக்குக் கிளம்பிப் போன மறுநாள், மில்லில் ஏதோ வேலை என்று கரண்டை நிறுத்தினார்கள். மறுபடி போட்டால் போர்டு எழவில்லை. பத்துத் தடவை போட்டோம், இல்லை. இன்ஜினியர் கதவைத் திறந்தார். காய்ந்து பொருக்காக நின்ற சந்தனம்தான் அவர் கண்ணில் பட்டது. "யாரு இதுல சந்தனத்தப் பூசுனது? ஈரத்த வெச்சிக் கெடுத்திருக்காங்களேம்மா!" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா சார், தண்ணி பட்டிருக்கும்" என்றேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன், சத்தியமாக. அஞ்சலையை நாளை முதல் வர வேண்டாம் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டான். அவள் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போனாள்.

ஸ்பிரிட்டும் பிரஷ்ஷும் வைத்துச் சந்தனத்தைத் துளி விடாமல் சுத்தம் செய்தேன். அப்போதும் போர்டு எழவில்லை. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு ஒரு முழு நாள் போனது. எந்தச் சந்தனம் கெடுத்தது என்கிறோமோ அது ஈரமாக இருந்த அன்றைக்குத்தானே முதல் தடவையிலேயே ஓடியது என்று அப்போதுதான் உறைத்தது. உடனே நீ சொன்னதும் காதில் விழுந்தது. விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, முப்பத்தொன்றாம் பின்னையும் அதை ஒட்டி ஓடுகிற கிரவுண்ட் கம்பியையும் சேர்த்துத் தொட்டுக்கொண்டு, ரீசெட் பட்டனை அழுத்தினேன். போர்டில் இருந்த சின்ன விளக்கு கண் சிமிட்டியது. விரலை எடுத்துவிட்டு மறுபடி பட்டனை அழுத்தினேன். செத்துவிட்டது. அன்றுதான் இன்ஜினியரிடம் சாவி கேட்டுப் புத்தகத்தைப் படித்தேன். அந்தச் சிப்புக்கு உள்ளே புரோகிராம் என்று எதுவும் கிடையாது, எல்லாம் வெளியே இருக்கிற மெமரியில்தான். உள்ளே தேடுவதா, வெளியே கேட்பதா என்று சிப்புக்குச் சொல்கிற பின்தான் முப்பத்தொன்று. கிரவுண்டோடு சேர்த்துவிட்டால் முதல் கட்டளை தொடங்கி எல்லாவற்றையும் வெளியே கேட்கும். தொங்க விட்டால், இல்லாத ஒன்றை உள்ளே தேடிக்கொண்டு பைத்தியம் மாதிரி சுற்றும். அஞ்சலையின் விரல் இழுத்துவிட்ட ஈரச் சந்தனம்தான் அந்தப் பின்னைக் கிரவுண்டோடு சேர்த்து வைத்திருந்தது. காய்ந்ததும் அந்தப் பிடி விட்டுப்போயிருக்கிறது, கரண்டை நிறுத்திப் போட்டபோதுதான் அது வெளியே தெரிந்தது. அவள் கெடுக்கவில்லை. நான் விட்ட குறையை, அவளுக்கே தெரியாமல், அவள் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஓர் அங்குலச் சிவப்புக் கம்பி. பற்றவைத்தேன். இருபது தடவை போட்டேன், இருபது தடவையும் எழுந்தது. இன்ஜினியரிடம் போய் "லூஸ் கனெக்‌ஷன் சார், சரி பண்ணிட்டேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்குப் பிறகு ஐந்து நாள் வாயைத் திறக்கவில்லை. நான் இதைப் பூசி மெழுகப் போவதில்லை. ஒருத்தி வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் பேரைப் பட்டியலிலிருந்து அடிக்கப் போகிறார்கள், காரணம் நான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே ஐந்து நாள் காபி குடித்தேன், சோறு தின்றேன். அந்த மெட்ராஸ்காரன் சொன்னதை நானே உண்மையாக்கிவிடக் கூடாது என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. வெட்கக்கேடு.

ஆறாம் நாள் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அஞ்சலை எதிரே வந்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். அவளோ ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நல்லா இருக்கீங்களாக்கா? மிஷினு ஓடுதாக்கா? சாமிக்கின்னுதானக்கா வெச்சேன். அந்த மிஷினுக்கு ஆவாதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே. உங்க வேலைக்கு ஒண்ணும் வரலியே?" என்றாள். என் வேலைக்கு ஒன்றும் வரவில்லையே என்று அவள் கேட்கிறாள்! "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஃபேக்டரி கேட்டுக்கிட்ட வந்து நில்லு. கொஞ்சம் சந்தனம் எடுத்துட்டு வா" என்றேன். "எதுக்குக்கா?" என்றாள். "வான்னா வாடி" என்றேன். அதற்கு மேல் பேசியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

மறுநாள் இன்ஜினியர், கான்ட்ராக்டர், செக்‌ஷன் ஆட்கள் எல்லோரையும் பேனல் முன்னால் கூப்பிட்டேன். மில் நிற்கிற நேரமாகப் பார்த்துத்தான். எல்லோர் கண் முன்னாலும் அந்தச் சிவப்புக் கம்பியை எடுத்தேன். ஸ்விட்ச்சைப் போட்டேன், எழவில்லை. மறுபடி, எழவில்லை. "அஞ்சலை, வா. அன்னிக்கி எப்படி வெச்சியோ அப்படியே வை" என்றேன். பயந்துகொண்டே வந்தாள், "சாமி" என்று முணுமுணுத்துக்கொண்டு சந்தனத்தை வைத்து, விரலால் இழுத்தாள். போட்டேன். ஓடியது! கான்ட்ராக்டர் வாயைப் பிளந்தான். "சார், இவ வெச்ச சந்தனத்தாலதான் அன்னிக்கி ஓடிச்சு. ஓடாமப் போனதுக்குக் காரணம் நான். ஒரு கம்பிய போடாம விட்டுட்டேன். தப்பு என்னோடது" என்றேன். அதுவரை இருந்த பாரமெல்லாம் இறங்கி, தலை நிமிர்ந்துதான் நின்றேன். இன்ஜினியர் சிவப்புக் கம்பியை என் கையில் கொடுத்து மறுபடி பற்றவைக்கச் சொன்னார். அப்புறம் எனக்கு ஒரு மெமோ, அஞ்சலைக்கு வேலை. பட்டியலில் அவள் பேரும் நிலைத்தது. இன்றைக்கும் என் மேஜையைத் துடைக்கும்போது ஒரு பாட்டு முணுமுணுத்துக்கொண்டுதான் துடைக்கிறாள்.

இது வரைக்கும் நீ வேறு யாரிடமாவது கேள்விப்பட்டிருப்பாய். ஊரெல்லாம் பேசிய கதைதானே. கேள்விப்படாதது ஒன்று உண்டு. எல்லாம் முடிந்தபின் இன்ஜினியர் என்னிடம் கேட்டார்: "அந்தப் பின்னுதான்னு எப்படிம்மா கண்டுபிடிச்ச?" அத்தனை பேர் முன்னால் என் தப்பை ஒப்புக்கொண்டவள் நான். அதற்குத் தெம்பு இருந்தது. "என் மவன் அன்னிக்கே சொன்னான் சார், நான்தான் அவன் வாய அடச்சேன்" என்று சொல்ல மட்டும் தெம்பு இல்லை. "நானேதான் சார், யோசிச்சுப் பாத்தேன்" என்றேன். அந்த வாரம் உனக்குப் போட்ட இன்லண்ட் லெட்டரில் மழை பெய்ததையும் பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டதையும் எழுதினேன். இதை எழுதவில்லை. பிள்ளையிடம் போய் என்ன மன்னிப்பு, நாளாவட்டத்தில் மறந்துவிடுவான் என்று இருந்துவிட்டேன். நீ மறக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற தப்பை வாய்க்குள்ளேயே போட்டு விழுங்கக் கற்றுக்கொண்டாய். அன்று காலை பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீ சிரித்த சிரிப்பில் எனக்கு அது விளங்கிவிட்டது.

அதனால் நேற்று உன் கார்டைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்தேன். அந்தப் பேனல் கதவின் உள்பக்கம் என் கையால் வரைந்த சர்க்யூட் படம் ஒட்டியிருக்கிறது. இன்ஜினியரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, முப்பத்தொன்றாம் பின்னுக்கு நேராக மையில் எழுதினேன்: 'கிரவுண்டில் சேர்க்கவும். இதை முதலில் சொன்னவன் என் மகன்.' உன் பெயரையும் போட்டேன். அவர் படித்துவிட்டு, "ரெண்டு வருஷம் கழிச்சா?" என்றார். "ஆமா சார், இப்பத்தான் சாவி கெடச்சுது" என்றேன். அவருக்குப் புரியவில்லை, பரவாயில்லை. அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள், சொன்னேன். "அப்ப வர்ற பூசைக்கு அதுக்கும் ஒரு பொட்டு வெச்சிடுறேன்க்கா" என்றாள். பின்னில் வேண்டாம், பேரில் வை என்றேன்.

நீ இப்போது வேலை பார்க்கிற இடத்தில் உன்னைவிடப் பெரிய படிப்புப் படித்தவர்கள் இருப்பார்கள். கோபக்காரர்கள் இருப்பார்கள். என்னை மாதிரி, கேட்டால் கௌரவம் போய்விடும் என்று தொங்க விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்களும் இருப்பார்கள். தப்பு கண்ணில் பட்டால் சொல்லிவிடு. காது சிவந்தால் சிவக்கட்டும். யாராவது சிரித்தால் இரண்டடி பின்னால் போகாதே, அங்கேயே நின்று இன்னொரு தடவை சொல். உன் சொல்லுக்குப் பின்னால் எங்கேயோ ஓர் அஞ்சலையின் சோறு இருக்கலாம், உனக்கு அது தெரியவே தெரியாது.

அன்றைக்கு நீ சொன்னது சரி, தம்பி. நான் சொன்னது தப்பு. பொங்கலுக்கு வரும்போது உன்னை மறுபடி ஃபேக்டரிக்குக் கூட்டிப் போகிறேன், இன்ஜினியரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். புதிதாக ஒரு போர்டு கட்டிக்கொண்டிருக்கிறேன். கதவைத் திறந்து காட்டுவேன். நன்றாகக் குனிந்து பார். எல்லோரும் நிற்கும்போதே சொல்.

அம்மா